காதுக்கு எட்டாத வெடியோசை

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரை அடுத்த வானத்தில் சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மக்கள் கேட்ட இடியோசை அந்த வட்டாரத்தோடு அடங்கிவிட்டது. ஆனால் அதே வெடிப்பில் கிளம்பிய இன்னோர் ஒலி அண்டார்க்டிகாவரை போனது. பூமியை இரண்டு முறை சுற்றியும் வந்தது.

அதுதான் குற்றொலி. நொடிக்கு 20 அதிர்வுகளுக்கும் குறைவானதால் நம் செவிக்கு எட்டாது. அதிர்வு மெதுவாக ஆக ஆக, காற்று அதை உறிஞ்சுவதும் குறைகிறது. 50 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள வெப்பமான காற்றும் அங்கே வேகமாக வீசும் காற்றோட்டமும் சேர்ந்து அதைத் தரைக்கு வளைத்து அனுப்புகின்றன. தரை மீண்டும் மேலே திருப்பிவிடுகிறது.

இதைப் பிடிக்கும் நுண் அழுத்தமானி, காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தை உணரும். வீசும் காற்றுதான் அதற்குப் பெரிய தொல்லை. அதனால் பல வாய்கள் கொண்ட குழாய்களைத் தரையில் பரப்பி வைக்கிறார்கள். ஒவ்வொரு வாயிலும் காற்றின் சலசலப்பு வெவ்வேறாக இருப்பதால் ஒன்றையொன்று பெருமளவு ரத்துசெய்துவிடும். தொலைவிலிருந்து வரும் அலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நுழையும். ஒரே நிலையத்தில் இப்படிப் பல கருவிகள். அலை எதை முதலில் தொட்டது என்று பார்த்தால் வந்த திசை தெரிந்துவிடும். அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகெங்கும் இத்தகைய 60 நிலையங்கள் திட்டமிடப்பட்டு, பெரும்பாலானவை இயங்குகின்றன.

வெடிப்பின் அளவை எப்படி அறிவது? ஒலியின் வலிமையை மட்டும் நம்ப முடியாது. எதிர்க்காற்றில் அது நலிந்துபோகும். ஓர் அலை ஏறி இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதே கூடுதல் நம்பகமான சாட்சி. வெடிப்பு பெரிதானால் அந்த நேரமும் நீளும். முற்காலத்தில் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் கற்றுக்கொடுத்த கணக்கு இது.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது இதன் மறுபக்கம். பின்லாந்தின் வடபகுதியில் உள்ள ஹுக்ககெரோவில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் ராணுவம் பழைய வெடிமருந்துகளை ஏறக்குறைய ஒரே அளவில் வெடித்து அழிக்கிறது. சுமார் 180 கிலோமீட்டர் வடக்கே, நார்வேயில் உள்ள கருவிகளை அந்த ஒலி ஒவ்வொரு முறையும் சற்றே மாறி வந்தடைகிறது. வெடி மாறவில்லை, அப்படியென்றால் மாறியது வழியில் இருந்த காற்று. வானிலை பலூன்கள் பெரும்பாலும் 35 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்கும் மேலே காற்று எப்படி வீசுகிறது என்பதை இந்த ஒலியிலிருந்தே விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள்.