கார்டு ரீடரும் காத்திருந்த குதிரைக்காரரும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் அந்தியூர்க்காரர்களுக்கு வேறு நினைப்பு இராது. புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் நம் ஊருக்குத் தனிப்பெருமை. திப்பு சுல்தான் காலத்துப் படைக்கே இங்கிருந்து குதிரை போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகள் ஒருபுறம். செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மலை மாடுகள் மறுபுறம். புகைப்படக் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறு உண்டோ?

என் தாய்மாமன் இவ்வூரில் சிறு ஸ்டூடியோ ஒன்று நடத்தி வருகிறார். விடுமுறை நாட்களில் நானே அவருக்கு உதவியாள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடித் திருவிழாவில் நடந்ததைச் சொன்னால்தான் நான் கார்டு ரீடரைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்த காரணம் விளங்கும்.

மலைக்கு அப்பால் கர்நாடகத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் தம் வெள்ளைக் குதிரையை விற்றுவிட்டார். விலை பேசி முடித்து, கயிற்றைக் கைமாற்றுவதற்கு முன் அந்தக் குதிரையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். எடுத்தோம். “லாரி கெளம்பறதுக்குள்ள குடுத்துருவீங்களாங்க, தம்பி?” என்று கேட்டார். “அரை மணியில குடுத்தர்றோம், ஒக்காருங்க” என்று மாமா பெஞ்சியைக் காட்டினார்.

அன்று காலை முதல் எடுத்த படங்கள் அனைத்தும் ஒரே மெமரி கார்டில் இருந்தன. ஏறத்தாழ 60 கிகாபைட். அதைக் கணினிக்கு மாற்ற ஐம்பது நிமிடங்கள் பிடித்தன. அந்த ஒரு படத்தை மட்டும் முதலில் இறக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால், நகலெடுப்பு பாதியில் இருக்கையில் கார்டைத் தொடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பான கட்டளை. அந்தப் படமோ வரிசையில் கடைசி. லாரிக்காரர் மூன்று முறை ஒலிப்பான் அடித்தார். முதியவர் எழுந்து, “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அச்சான படம் கைக்கு வந்தபோது பெஞ்சி காலியாக இருந்தது.

அன்றிரவே ‘வேகமான கார்டு ரீடர் ஒன்று வாங்க வேண்டும்’ என்று முடிவு செய்தோம். ஆனால் வாங்குவதற்கு முன் நான் படித்ததை விட, வாங்கிய பின் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம்.

கார்டு ரீடர் என்பது என்ன? கேமராவில் படங்கள் பதிவாகும் சிறு அட்டையைக் கணினியோடு இணைக்கும் கருவி, அவ்வளவே. ‘நினைவக அட்டை படிப்பான்’ என்று அழகாகத் தமிழ்ப்படுத்தலாம். ஆனால் ஈரோட்டுக் கடையில் அப்படிக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே கடைத்தெருவில் வழங்கும் பெயரையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

1975-ஆம் ஆண்டில் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, ஒரே ஒரு படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அப்படமோ பத்தாயிரம் புள்ளிகளே கொண்டது. இன்று சாதாரணமாக நாம் கையாளும் கேமரா 24 கோடி அல்ல, 240 இலட்சம் புள்ளிகளை, அதாவது 24 மெகாபிக்சலை, கண்ணிமைக்கும் நேரத்தில் பதிந்துவிடுகிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா 1980-களில் கண்ட ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. நாம் பயன்படுத்தும் எஸ்.டி. கார்டு 1999-இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு போதும், நமக்கு வேண்டியது வரலாறு அன்று, வேகம்.

நம் ஊர்ப்பக்கம் கிணற்றில் மோட்டார் வைத்து நீர் பாய்ச்சுபவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினாலும், வழியில் ஓரிடத்தில் அரை அங்குலக் குழாய் இருந்தால் அந்தக் குழாய் விடும் நீர்தான் வயலுக்கு வரும். படங்களும் அப்படியே. கார்டு, ரீடர், கணினியின் துளை, உள்ளே இருக்கும் வட்டு என நான்கு இடங்களைக் கடந்து அவை செல்கின்றன. நான்கில் எது மந்தமோ அதன் வேகமே மொத்தத்தின் வேகம். எங்கள் பழைய ரீடர் யு.எஸ்.பி. 2.0 வகை. அதன் உச்சவரம்பு விநாடிக்கு 480 மெகாபிட்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 480-ஐ எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். அதுவும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 30 முதல் 40 கிடைத்தால் பெரிது. எங்கள் ரீடர் தந்தது 20. அறுபதாயிரம் மெகாபைட்டை இருபதால் வகுத்துப் பாருங்கள்: மூவாயிரம் விநாடி, ஐம்பது நிமிடம். முதியவரின் லாரி போன கணக்கு அதுதான்.

2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வரை செல்லும். பிற்காலத்தில் இதே வேகத்துக்கு ‘3.1 ஜென் 1’ என்றும், பின்னர் ‘3.2 ஜென் 1’ என்றும் பெயர் மாற்றினார்கள். ஆகவே பெட்டியில் 3.2 என்று கண்டவுடன் மயங்க வேண்டாம். 5 கிகாபிட்டா, 10 கிகாபிட்டா என்று பார்க்க வேண்டும். பெயரை மாற்றியவர்கள் எந்த நன்மையைக் கருதிச் செய்தார்களோ, எனக்கு விளங்கவில்லை.

புது ரீடரை வாங்கி வந்து, ஆவலோடு கணினியின் முன்பக்கத் துளையில் செருகினேன். அதே அளவு படங்கள் இறங்க முப்பத்து மூன்று நிமிடங்கள்! காசு கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று நான் கொதித்துப்போனேன். மாமாதான் மேசையை இழுத்து, கணினியின் பின்புறத்தைக் காட்டினார். “ஏண்டா, இந்த நீல ஓட்டையில சொருகிப் பாரு” என்றார். முன்பக்கத் துளைகள் பழைய 2.0 வகை, பின்புறத்தில் உட்பகுதி நீலமாக இருந்த இரண்டு மட்டுமே 3.0. அங்கே மாற்றியதும் பதினொன்றரை நிமிடத்தில் வேலை முடிந்தது. எல்லாக் கணினிகளிலும் நீல நிறம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. துளைக்குள் உலோகத் தொடுமுனைகளை எண்ணலாம்: பழையதில் நான்கு, புதியதில் ஒன்பது. செல்போனில் உள்ள ‘டைப்-சி’ துளையும் அப்படியே. அது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. டைப்-சி துளை இருந்தும் 2.0 வேகத்திலேயே நிற்கும் போன்கள் பல உண்டு.

பதினொன்றரை நிமிடம் என்றால் விநாடிக்கு 87 மெகாபைட் அளவு. ஆனால் எங்கள் கார்டின் முகப்பில் 170 என்று அச்சிட்டிருக்கிறதே, மீதி எங்கே போயிற்று? இதற்கு விடை காண எனக்குச் சில நாட்களாயின. எஸ்.டி. கார்டில் யு.எச்.எஸ். என்ற தரவரிசை உண்டு. கார்டின் மேல் ரோமன் எண்ணில் ஒற்றைக் கோடு இருந்தால் முதல் வகை. அதன் எல்லை 104 மெகாபைட். இரட்டைக் கோடு இருந்தால் இரண்டாம் வகை; அது 312 வரை செல்லும். முதல் வகைக் கார்டிலேயே 170 என்று போடுகிறார்களே என்றால், அது பொதுத்தரத்தை மீறி அந்நிறுவனம் செய்த தனி ஏற்பாடு. அதற்குப் பொருந்தும் ரீடரில் போட்டால்தான் கிடைக்கும். மற்ற ரீடர்களில் 90-ஐ ஒட்டியே நிற்கும். மேலும், முகப்பில் உள்ள பெரிய எண் படிக்கும் வேகம். கேமரா எழுதும் வேகத்துக்கு உறுதி தருவது ‘வி 30’ போன்ற சிறு குறிதான். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் என்பது அதன் பொருள்.

அப்படியானால் இரண்டாம் வகை ரீடரையே வாங்கிவிடலாமா? கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் ஒரு வரிசை மட்டும் இருந்தால் அது முதல் வகை. எவ்வளவு விலையுயர்ந்த ரீடரில் போட்டாலும் ஓடுவது பழைய ஓட்டமே. இரண்டு வரிசை இருந்தால் மட்டுமே அந்தச் செலவுக்குப் பயன் உண்டு. அப்போதும் படங்கள் போய்ச் சேரும் இடம் சுழலும் பழைய வன்தட்டாக இருந்தால், 100 அல்லது 150 மெகாபைட்டிலேயே அது மூச்சு வாங்கும். எங்கள் ஸ்டூடியோவின் கணினியில் அத்தகைய வன்தட்டுதான். ஆகவே முதல் வகை ரீடரோடு நின்றுகொண்டோம். எஸ்.எஸ்.டி. வைத்து, இரட்டை வரிசைக் கார்டில் திருமணப் படம் எடுப்பவர்கள் இரண்டாம் வகையைத் தயங்காமல் வாங்கலாம். எங்களுக்குப் பதினொன்றரை நிமிடம் ஆகும் வேலை அவர்களுக்கு நான்கைந்து நிமிடத்தில் முடியும். சி.எஃப். எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்கு ரீடரே வேறு. அதை வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்க வரமாட்டார்கள்.

வேகத்தைப் பற்றியே பேசிவிட்டேன். கார்டைச் செருகினால் ஆட்டம் காணாமல் பிடிக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். தளர்ந்த துளை, நகலெடுப்பின் நடுவே இணைப்பை அறுத்துவிடும். கார்டின் ஓரத்தில் உள்ள சிறு பூட்டை இறக்கிவிட்டு ரீடரில் போடுவது நல்ல பழக்கம். தவறிப்போய் எதையும் அழிக்க முடியாது. அந்தப் பூட்டுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை. பூட்டின் நிலையைப் பார்த்து மதிப்பது ரீடர்தான். மலிவான சில ரீடர்கள் மதிப்பதில்லை. படங்களைத் திறந்து பார்த்து, இன்னொரு வட்டிலும் ஒரு பிரதி வைத்த பின்னரே கார்டை அழிக்க வேண்டும்; அழிப்பதையும் கேமராவிலேயே செய்வது நலம்.

இப்போதெல்லாம் சந்தை நாட்களில் நாங்கள் பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் சிறிய கார்டுகள் நான்கு கொண்டுபோகிறோம். ஒருவர் உடனே படம் கேட்டால் அந்தக் கார்டை மட்டும் எடுத்து வந்தால் போதும். மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். பெஞ்சியில் உட்காருபவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் படம் கைக்கு வந்துவிடுகிறது.

வெள்ளைக் குதிரைப் படம் மட்டும் மாமாவின் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் இருக்கிறது. அடுத்த ஆடியிலும் அதற்கடுத்த ஆடியிலும் சந்தை முழுதும் தேடினேன். அவர் கண்ணில் படவில்லை. உறையின் மேல் ‘வெள்ளைக் குதிரை, பர்கூர் வழி’ என்று எழுதியிருக்கிறோம். அன்று அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை.