விருந்தினருக்குத் தனி வாசல்

குன்னூரில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர் வீடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கைப்பேசியைத் திறந்தால் அந்த வீட்டு வைஃபையின் பெயர் தெரியும்! இது எப்படி?

மூடுபனியின் நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஒளியின் அலைநீளம் அதனினும் சிறியது. ஆகவே துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளமோ சுமார் 12.5 செ.மீ. இவ்வளவு நீண்ட அலைக்கு அத்துளிகள் ஒரு பொருட்டே அல்ல. எனவே நம் வைஃபை நம் வேலியோடு நின்றுவிடுவதில்லை.

ஊட்டியிலும் குன்னூரிலும் பல குடும்பங்கள் வீட்டின் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. வந்தவர் முதலில் கேட்பது வெந்நீர். அடுத்துக் கேட்பது வைஃபை கடவுச்சொல். அதைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக் கணக்கு உள்ள கணினி, அச்சுப்பொறி, வாசல் கேமரா ஆகியவை இருக்கும் அதே வலையில் அவருடைய கைப்பேசியும் சேர்ந்துவிடும். விருந்தினர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கைப்பேசியில் அவருக்கே தெரியாமல் ஒரு தீய நிரல் குடியிருக்கலாம் அல்லவா? 2016-இல் பரவிய ‘மிராய்’ என்னும் நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்தது.

இதற்கு வழி, விருந்தினருக்குத் தனி வலை அமைப்பதாகும். அதற்கு இன்னொரு ரௌட்டர் தேவையா? பெரும்பாலும் வேண்டாம். ஒரே ரௌட்டர் இரண்டு பெயர்களை அறிவிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. வீட்டுக் கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும், விருந்தினர் கருவிகளுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரிகளையும் அது கொடுப்பதாகக் கொள்வோம். முகவரிகள் வேறாக இருந்தால் மட்டும் போதாது. ரௌட்டருக்குள் ஒரு காவல் விதியும் வேண்டும்: விருந்தினர் வலையிலிருந்து வரும் செய்தி இணையத்திற்குப் போகலாம், வீட்டு வலைக்குள் போகக்கூடாது. பெயர் இரண்டு இருந்து இவ்விதி இல்லாவிட்டால், வாசல் இரண்டு வைத்து நடுச்சுவரைக் கட்டாமல் விட்ட கதைதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். வீட்டாரின் அனுமதியுடன் ஒரு கைப்பேசியை விருந்தினர் வலையில் இணையுங்கள். ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்தால் திறக்க வேண்டும். பிறகு உங்கள் அச்சுப்பொறியின் முகவரியையும் ரௌட்டரின் முகவரியையும் தட்டுங்கள். இவை திறக்கக்கூடாது. திறந்தால் சுவரில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஒன்றை மறக்கக்கூடாது. வலைகள் உள்ளே இரண்டானாலும், வெளி உலகிற்கு இரண்டும் பொதுவாக ஒரே முகவரியாகவே தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறையினர் அதன் முகவரியைப் பின்தொடர்ந்து நவி மும்பையில் ஒரு குடியிருப்பை அடைந்தனர். அங்கே குடியிருந்தவர் அதை அனுப்பவில்லை. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். ஆகவே விருந்தினர் வலைக்கும் கடவுச்சொல் கட்டாயம் தேவை. வந்தவர் புறப்பட்டதும் அறையின் படுக்கை விரிப்பை மாற்றுகிறோம். அப்போதே அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.