ஒரு லட்சம் மைல் தாண்டிய போர்ஷே: வாங்கலாமா?

புதிதாக ஒரு டொயோட்டா காம்ரி வாங்கும் பணத்துக்கு அமெரிக்காவில் ஒரு போர்ஷே 911 கிடைக்கும். பொய்யில்லை. ஆனால் அது 1999 முதல் 2004 வரை அங்கே விற்பனையான 996 என்ற வகையாக இருக்கும். ஓடோமீட்டரில் ஒரு லட்சம் மைல், நம் கணக்கில் 1,60,000 கிலோமீட்டர், தாண்டியிருக்கும். ஷோரூமை விட்டு வெளியே வந்தபோது சுமார் 65,000 டாலர் விலை பெற்ற வண்டி. 300 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம், பின்பக்கத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜினின் உறுமல். இதைக் கேட்டதும் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு, இருக்கும் இடத்தை விட்டே நகர்ந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

911 வரிசையிலேயே இது மலிவானதற்கு முதல் காரணம் ரசிகர்களின் கோபம். 1963-ல் அறிமுகமானதிலிருந்து காற்றால் குளிர்ந்த இன்ஜினே 911-ன் அடையாளமாக இருந்தது. 1997-ல் வந்த 996 அதை உதறிவிட்டுத் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு மாறியது. போதாக்குறைக்கு, முகப்பும் ஹெட்லைட்டும் விலை குறைந்த பாக்ஸ்ஸ்டரிலிருந்து வந்தவை. அந்த ஹெட்லைட்டின் வடிவத்தைப் பார்த்து 'பொரித்த முட்டை' என்று கேலி செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் திவாலாகும் நிலைவரை போன கம்பெனி, ஒரே உதிரிபாகத்தை இரண்டு வண்டிகளில் மாட்டிச் செலவைக் குறைத்துத்தான் பிழைத்தது. அந்தச் சிக்கனத்தின் முகம்தான் அது. முட்டை ஹெட்லைட்டைக் காலப்போக்கில் மன்னித்துவிட்டார்கள். மன்னிக்காதது இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேரிங்கை.

கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோக இந்த இன்ஜினில் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். நாளாக ஆக மூடி தளர்ந்து, உள்ளே ஆயில் கசிந்து, கிரீஸைக் கரைத்துவிடும். குண்டுகள் தேயும், தண்டு ஆடும், டைமிங் தவறும், பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அத்தோடு இன்ஜின் கதை முடிந்தது. பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. ஆரம்பகால இன்ஜின்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்ததால் தொல்லை குறைவு. பிறகு வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் பெயரைக் கெடுத்தது. விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போய், 2001 மே மாதத்துக்கும் 2005 பிப்ரவரிக்கும் இடையில் தயாரான கார்களுக்காக 2013-ல் ஒரு சமரச ஏற்பாடு வந்தது. 2009 மாடலில் அந்த இடைத்தண்டையே நீக்கிவிட்டார்கள். இதே 996-ன் டர்போ, ஜிடி3 வகைகளில் போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த வேறு இன்ஜின் இருந்ததால் அவற்றுக்கு இந்த வியாதி கிடையாது. ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால் காம்ரிப் பேச்சே எழாது.

ஓடோமீட்டரைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் பலர், அதிகம் ஓடிய வண்டியைவிட, வாரக்கணக்கில் ஷெட்டில் தூங்கி எப்போதாவது பத்து மைல் போய்வரும் வண்டிக்குத்தான் பயப்படுகிறார்கள். சூடேறாத இன்ஜினில் ஆயிலோடு ஈரமும் அமிலமும் தங்கும். அந்த ஆயிலில் கிடக்கும் பேரிங் எப்படி உருப்படும்? மாறாக, ஒரு லட்சம் மைலை நெடுஞ்சாலையில் ஓடித் தீர்த்த வண்டி பரீட்சை எழுதித் தேறிய வண்டி. அது மட்டுமல்ல, அத்தனை தூரத்துக்கு ஒருமுறையாவது கிளட்ச் மாற்றியிருப்பார்கள். அதற்கு கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பேரிங்கை எட்டுவதற்கும் அதே வேலைதான். எனவே விவரம் தெரிந்த உரிமையாளர் இரண்டையும் ஒரே சமயத்தில் முடித்திருப்பார். விற்பவரிடம் வண்டியின் அருமை பெருமையைக் கேட்பதைவிட அந்த பில்லைக் கேட்பது நல்லது. "பண்ணியாச்சு, பில்தான் எங்கேயோ வச்சுட்டேன்" என்றால் பண்ணவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

எவ்வளவு தூரம் ஓடினால் அதிகம் என்ற கேள்விக்கு நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் வாழ்ந்த இர்வ் கார்டன் தந்த பதிலை இதுவரை யாரும் மிஞ்சவில்லை. பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1966 ஜூன் கடைசியில், ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தைக் கொட்டி, சிவப்பு நிற வோல்வோ 1800எஸ் ஒன்றை வாங்கினார். 'தி செயின்ட்' தொலைக்காட்சித் தொடரில் ரோஜர் மூர் ஓட்டினாரே, அதே குடும்பத்து ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய வார இறுதியிலேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாராம். தினமும் வேலைக்குப் போய்வர 125 மைல். 1987-ல் பத்து லட்சம் மைல், 2002-ல் இருபது லட்சம், 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம். ஒரே உரிமையாளர் அதிக தூரம் ஓட்டிய கார் என்று கின்னஸ் பதிவும் கிடைத்தது. இன்ஜினை முதன்முதலாகப் பிரித்துக் கட்டியது 6,80,000 மைலில். ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை; ஏறத்தாழ மூவாயிரம் மைலுக்கொருமுறை ஆயில் மாற்றினார், கம்பெனிக் கையேடு சொன்னதைச் சொன்ன நாளில் செய்தார். 2018-ல் அவர் காலமானார்.

உலோகத்தை ஓட்டம் தேய்க்கிறது என்றால், ரப்பரை ஆண்டுகள் அழிக்கின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே கரெரா ஜிடி விபத்துக்குள்ளானதை விசாரித்தவர்கள், மிகை வேகத்தோடு அந்த டயர்களுக்கு ஒன்பது வயதாகியிருந்ததையும் குறித்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டில் பூட்டி வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் மறந்துவிடும் பொருள் டயர்தான். கூலன்ட் குழாய், ஆயில் சீல், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் அதே கணக்கில் சேர்ந்தவை.

சரி, அந்த ஓடோமீட்டர் எண்ணையாவது நம்பலாமா? அமெரிக்காவில் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் எண்ணோடு கைமாறுகின்றன என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. விற்கும்போது மைல் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் உண்டு. ஆனால் 2010 மாடலுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இப்போது விலக்கு. 996 முழுக்க அந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது. பிரிட்டனில் இந்தத் தலைவலி குறைவு. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் பதிவான மைல் கணக்கை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

மற்ற இடங்களில் இன்ஜினின் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் இருக்கும். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். ஒரு லட்சம் மைலுக்கு 3,000 மணி என்றால் மணிக்கு 33 மைல், நம்பலாம். 50,000 மைலுக்கு 4,000 மணி என்றால் வண்டி ஆயுள் முழுக்க டிராஃபிக் நெரிசலில் நின்றிருக்க வேண்டும், இல்லையேல் எண்ணில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். கியரைத் தவறாகப் போட்டு இன்ஜினை வரம்பு மீறிச் சுழற்றியிருந்தால் அதுவும் அங்கேயே பதிவாகியிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு போர்ஷே மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோவது இதற்காகத்தான். இன்ஜின் ஆறியிருக்கும் நிலையில்தான் முதல் ஸ்டார்ட். வாங்குபவர் போய்ச் சேரும்போதே பின்பக்க இன்ஜின் மூடியும் சைலன்சரும் சுட்டால் ஏதோ மறைக்கப்படுகிறது. புகைக் குழாய்களில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கறுத்திருந்தால், ஆயில் அதிகம் குடித்தால், 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கேட்டால், சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். இதுதான் இன்று பேரிங்கைவிடப் பெரிய பயம். அழுத்தச் சோதனையில் தப்பிவிடக் கூடியது. சிலிண்டருக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படியே டார்ச் அடித்து முன்பம்பரின் காற்றுத் துளைகளுக்குள்ளும் பார்ப்பார்கள். ரேடியேட்டர்கள் அங்கே இருக்கின்றன. இருபது ஆண்டு இலைச் சருகு மக்கி அவற்றை அரித்திருக்கும். முந்தைய உரிமையாளர் எவ்வளவு அக்கறையானவர் என்பதைச் சருகே சொல்லிவிடும்.

மற்ற வண்டிகளுக்கும் தனித்தனி ஜாதகம் உண்டு. 2000-களின் தொடக்கத்து பிஎம்டபிள்யூ எம்3-ல் பின்பக்க சப்ஃபிரேம் பொருந்தும் தகடு வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் இன்ஜின் எளிமையானது, உறுதியானது. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் துருப் பிடிப்பதுதான் எமன். 9,000 சுழற்சி வரை கூவும் ஹோண்டா எஸ்2000-ல் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். முதன்முறை வாங்குபவருக்கு இவற்றில் மாஸ்டாவே பொருத்தம். கெட்டுப்போனாலும் குடும்ப பட்ஜெட்டுக்குள் அடங்கும்.

போர்ஷேயில் அப்படி இல்லை. வாங்கிய விலை குறைந்தாலும் உதிரிபாகத்தின் விலை 65,000 டாலர் காருக்கு உரியதுதான். இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டினால் அந்த பில் வண்டி வாங்கிய விலையையே தாண்டலாம். கையில் 25,000 டாலர் வைத்திருப்பவர் 25,000 டாலர் 996-ஐப் பார்க்கவே கூடாது. 18,000-க்குள் ஒன்றைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். மிச்சப் பணம் வங்கியில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுவாக இருக்கவும் கூடாது. ஒரு பாகம் வரும்வரை வண்டி இரண்டு வாரம் ஜாக்கியில் நிற்கும். அந்த இரண்டு வாரமும் ஆபீஸ் போயாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மைல் அதிகம் ஓடியதையே ஒருவர் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. 20,000 மைல் மட்டும் ஓடிய 996-ஐ வாங்கியவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் விற்கும் விலையில் கொஞ்சம் இழக்கிறார். எனவே ஓட்டவே தயங்குகிறார், ஓட்டாததால் பேரிங்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். 1,20,000 மைல் வண்டியை வாங்கியவருக்கு அந்த வம்பு இல்லை. அது 1,30,000 ஆனாலும் அடுத்து வாங்குபவர் ஏறக்குறைய அதே விலையைத்தான் தருவார், பில்கள் கோப்பில் ஒழுங்காக இருந்தால்.