எக்செல் ஷீட்ல பட்டனை யாரும் இழுக்க முடியாதபடி பூட்டுவது எப்படி?



பாரிவாக்கத்துல லேத் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற ஒரு கிளையன்ட்டுக்கு, மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-3பி தொகையைக் கணக்குப் போட ஒரு எக்செல் ஃபைல் செஞ்சு கொடுத்திருந்தேன். விற்பனை, கொள்முதல், லாரி வாடகை எல்லாத்தையும் போட்டுட்டு, ‘கணக்கிடு’ன்னு எழுதின நீலப் பெட்டியை அழுத்தினா கட்ட வேண்டிய வரி வந்துடும். அந்த நீலப் பெட்டி இன்சர்ட் மெனுல இருந்து வரைஞ்ச சாதாரண ஷேப்தான். அதுக்கு ஒரு மேக்ரோவை அசைன் பண்ணியிருந்தேன்.

நாலு மாசம் கழிச்சு ஃபைலைத் திறந்து பார்த்தா, பெட்டி இரண்டு வரிசை கீழே இறங்கி, லாரி வாடகை வரிசை மேல உட்கார்ந்திருந்தது. அங்க கணக்குப் பார்க்கிற பொண்ணு எப்பவோ தவறுதலா அதுமேல ரைட் கிளிக் பண்ணியிருக்காங்க. மெனு வந்ததும் எஸ்கேப் அடிச்சிருக்காங்க. மெனு போயிடுச்சு, ஆனா ஷேப் செலக்ட் ஆனபடியே இருந்திருக்கு. அடுத்து அம்புக்குறி கீயை அழுத்தினப்போ செல்லுக்குப் பதிலா பெட்டி நகர்ந்திருக்கு. அதுக்கப்புறம் அந்த வரிசை யார் கண்ணுக்கும் படலை, நாலு மாசமும் காலியாவே போயிருக்கு.

லாரிக்காரர் தன் பில்லுல ஜிஎஸ்டி போடாதப்போ, அந்த வாடகைக்கு 5% வரியை நாமதான் ரிவர்ஸ் சார்ஜ்ல ரொக்கமா கட்டணும். இவங்களுக்கு மாசம் சுமார் 80,000 ரூபாய் வாடகை, அதாவது 4,000 ரூபாய் வரி. நாலு மாசத்துக்கு 16,000. வரியை உள்ளீட்டு வரியா திரும்ப எடுத்துக்கலாம். ஆனா வருஷத்துக்கு 18% வட்டி போனது போனதுதான். கணக்குப் போட்டா ஏறத்தாழ 600 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா “சார், நீங்க போட்டுக் கொடுத்த ஷீட்டுதானே?”ன்னு அவர் கேட்டப்போ எனக்குப் பதில் இல்லை. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை, பெட்டியைப் பூட்டாம கொடுத்த என் மேலதான்.

வருமான வரித் துறையோட எக்செல் யூட்டிலிட்டியோ, ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூலோ பயன்படுத்தியிருந்தா கவனிச்சிருப்பீங்க. ‘வேலிடேட்’ பட்டனை அழுத்தலாம், ஆனா தூக்கி வேற இடத்துல வைக்க முடியாது. நம்ம ஷீட்டுக்கும் அதே வேணும்.

முதல்ல நான் போன தப்பான வழியைச் சொல்லிடறேன். ஷேப்பைத் தொட்டதும் ஒரு மேக்ரோ ஓடி, செலக்‌ஷனை ஏதாவது ஒரு செல்லுக்குத் தள்ளிவிடட்டும்னு நினைச்சேன். நடக்காது. ‘செலக்‌ஷன் சேஞ்ச்’ ஈவென்ட் செல் மாறினா மட்டும்தான் ஓடும், ஷேப்பை செலக்ட் பண்ணினா எக்செல் நம்ம மேக்ரோவைக் கூப்பிடவே கூப்பிடாது. ‘எனேபிள் செலக்‌ஷன்’னு ஒரு அமைப்பு இருக்கு, பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அதுவும் செல்லுக்குத்தான்.

சரியான வழி ஷீட் ப்ரொடெக்‌ஷன். ஒவ்வொரு ஷேப்புக்கும் ஃபார்மட் ஷேப், ப்ராப்பர்டீஸ் பகுதியில ‘லாக்ட்’னு ஒரு டிக் இருக்கும். நீங்க வரையும்போதே அது போடப்பட்டுத்தான் வரும். ஆனா ஷீட்டை ப்ரொடெக்ட் பண்ற வரைக்கும் அதனால ஒரு பலனும் இல்லை. பூட்டு தொங்குது, சாவி திருப்பலை, அவ்வளவுதான்.

நமக்கு செல் எல்லாம் திறந்திருக்கணும், ஷேப் மட்டும் பூட்டணும். மேக்ரோல இது ஒரே வரி. உச்சரிப்பைத் தமிழ்ல எழுதறேன், நீங்க எடிட்டர்ல ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க: வொர்க்‌ஷீட்ஸ், அடைப்புக்குறிக்குள்ள மேற்கோள் போட்டு ஷீட் பேரு, புள்ளி, ப்ரொடெக்ட். அதுக்கப்புறம் பாஸ்வேர்டு, டிராயிங்ஆப்ஜெக்ட்ஸ் := ட்ரூ, கன்டென்ட்ஸ் := ஃபால்ஸ், யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி := ட்ரூ. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காற்புள்ளி. ‘ஆக்டிவ்ஷீட்’னு எழுதாதீங்க, ஃபைல் திறக்கும்போது வேற ஷீட் முன்னாடி இருந்தா அதைப் பூட்டிடும்.

இப்ப ரைட் கிளிக் பண்ணினாலும், கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் பண்ணினாலும் பெட்டி செலக்ட் ஆகாது. ஆனா சாதாரண கிளிக்குக்கு மேக்ரோ வழக்கம்போல ஓடும்.

கடைசியா சொன்ன யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லில கொஞ்சம் நிதானமா நில்லுங்க. ‘மனுஷனுக்குத் தடை, மேக்ரோவுக்குத் தடை இல்லை’ங்கறதுதான் அதோட அர்த்தம். பெட்டியோட நிறத்தையோ எழுத்தையோ உங்க மேக்ரோ மாத்தும்னா இது கட்டாயம் வேணும். ஆனா ஃபைலை மூடினதும் இந்த அனுமதி போயிடும், பூட்டு மட்டும் மிஞ்சும். அடுத்த நாள் திறந்து அழுத்தினா எரர் வரும். அதனால இந்த வரியை ‘வொர்க்புக் ஓப்பன்’ ஈவென்ட்ல போடுங்க. அதுக்கு முன்னாடி அதே பாஸ்வேர்டோட அன்ப்ரொடெக்ட் வரி ஒண்ணும் சேர்த்துக்கோங்க.

ஃபைலை மேக்ரோ எனேபிள்டு வகையில சேமிக்கணும்னு சொல்லத் தேவையில்லை. ஆனா வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ அனுப்பினா, 2022-ல இருந்து மைக்ரோசாஃப்ட் அப்படி வர்ற மேக்ரோவைத் தானாவே தடுக்குது. அவங்க கம்ப்யூட்டர்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்டீஸ்ல ‘அன்பிளாக்’ டிக் போடச் சொல்லுங்க. மொபைல் எக்செல்ல மேக்ரோ ஓடவே ஓடாது, அதுல முயற்சி பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு. செல் திறந்திருக்கிறதால, யாராவது வரிசை உயரத்தை மாத்தினாலோ புது வரிசை நுழைச்சாலோ பெட்டி கூடவே நகரலாம். பூட்டறதுக்கு முன்னாடி அதே ப்ராப்பர்டீஸ்ல ‘செல்லோடு நகராதே, அளவு மாறாதே’ங்கற மூணாவது தேர்வை வச்சுடுங்க. அப்பவும் புது வரிசை வந்தா செல்தான் பெட்டிக்கு அடியில போகும். அதனால பெட்டியை உள்ளீடு இருக்கிற இடத்துல வைக்காம, மேல தலைப்பு வரிசையில வச்சு ஃப்ரீஸ் பண்ணிட்டேன். உண்மையைச் சொன்னா, முதல் நாளே இதைச் செஞ்சிருந்தா பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

இந்த பாஸ்வேர்டை நம்பி ரகசியம் எதையும் ஷீட்ல வைக்காதீங்க. ஷீட் ப்ரொடெக்‌ஷனை உடைக்கிறது கஷ்டமில்லை. கை தவறுறதைத் தடுக்கத்தான் இது, திருடனைத் தடுக்க இல்லை.

பாரிவாக்கம் ஃபைலை மாத்திக் கொடுத்த வாரமே ஒரு ஃபோன் வந்தது: “சார், செல்லுல நோட் போட முடியலையே?” ஆமா, நோட்டும் எக்செல்லுக்கு ஒரு வரைஞ்ச பொருள்தான், ஷேப்பைப் பூட்டினா அதுவும் பூட்டிக்கும். ஓரத்துல ‘குறிப்பு’ன்னு ஒரு காலம் சேர்த்துக் கொடுத்துட்டேன், இப்ப அதுல எழுதிக்கிறாங்க.