ஆறும் ஆறும்: சிங்கப்பூரின் நீர்க்கரையோர மிதிவண்டிப் பாதைகள்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீர் ஓடும் நதியையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இவற்றுள் இரண்டாம் பொருளைக் கொண்டு எழுந்தது. வழி தெரிந்தவன் வழி தெரியாதவனை நெறிப்படுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாம் பாடிய புலவர் செல்லும் வழியின் அழகை மட்டும் கூறி அமைந்துவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, கவண்கல் வந்து விழும் புனம் எங்கே, பாம்பு உறையும் இடம் எங்கே என்றும் சொல்லி வைத்தார். ஆண்டுதோறும் வகுப்பில் இதனை நடத்தி வருகிறேன். எனினும் 'ஆறு' என்னும் சொல்லின் இரு பொருளும் ஓரிடத்தில் ஒன்றாய் நிற்பதைக் கண்ணாரக் கண்டது சிங்கப்பூரில், காலாங் ஆற்றங்கரையில், மிதிவண்டியின்மேல் அமர்ந்தபோதுதான்.

என்னை அங்கு அழைத்துச் சென்றவர் என் ராத்தா. என்னினும் பத்து வயது மூத்தவர். மணமான நாள் முதல் தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் வாழ்ந்து வருகிறார். எங்கள் ஊரில் அவர் வளர்ந்த காலத்தில் பெண்பிள்ளை மிதிவண்டி ஏறுவது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மிதிவண்டி கற்பித்த செய்தி நாளிதழ்களில் வந்தபோது, ராத்தா அதனைப் படித்துவிட்டு ஒன்றும் கூறாமல் தாளை மடித்து வைத்ததை நான் சிறுவனாய்க் கண்டதுண்டு. அவர் தம் ஐம்பத்தைந்தாம் வயதில், காலாங் கரையில், சுபுஹுத் தொழுகைக்குப் பின்னான இளங்காலைப் பொழுதுகளில் மிதிவண்டி கற்றுக்கொண்டார். கற்பித்தவர் அவருடைய மகனே. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் அச்சமின்றி வண்டி பழகும் பாதை எவ்வாறு அமைந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிங்கப்பூர் மழை மிகுந்த நாடு. வெள்ளம் வடிவதற்கென நகரெங்கும் அகன்ற கால்வாய்கள் வெட்டப்பட்டுள்ளன. கால்வாயைத் தூர் வாரவும் பழுது பார்க்கவும் ஆட்களும் வண்டிகளும் செல்ல வேண்டும் என்பதற்காக, இரு மருங்கும் குறுகிய நிலக்கீற்று ஒன்றை வடிகால் துறையினர் ஒதுக்கி வைப்பது வழக்கம். அங்கே வீடு கட்ட இயலாது. கடை வைக்க இயலாது. நிலத்தைக் கையகலம் கையகலமாய்க் கணக்கிடும் அந்நாட்டில், வேறொன்றுக்கும் உதவாத இக்கீற்றுகளே 1990களில் 'பூங்கா இணைப்புப் பாதை' என்னும் வலைப்பின்னலாய் உருவெடுக்கத் தொடங்கின. ஒரு பூங்காவையும் மற்றொரு பூங்காவையும் கால்வாய்க் கரை வழியே இணைப்பது திட்டம். இன்று அவ்வலைப்பின்னல் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ளது. பாதைக்கென்று யாருடைய தோட்டமும் பெருமளவில் விலைக்கு வாங்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

நீர்க்கரை மிதிவண்டிக்கு ஏற்றதாய் அமைவதற்கு வேறு காரணமும் உண்டு. நீர் செங்குத்தான மேட்டில் ஏறிச் செல்வதில்லை. மெல்லச் சரியும் தாழ்நிலத்தைத் தேடியே செல்கிறது. ஆகவே கரையோடு செல்பவனுக்கும் மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை. சாலைகள் ஆற்றைப் பாலத்தின்மேல் கடக்கின்றன. பாலத்தின் கீழ் இடம் விட்டிருந்தால் மிதிவண்டியாளர் பேருந்தையும் சரக்கு வண்டியையும் சந்திக்காமலே அப்பால் போய்விடலாம். எளிய பாதை என்பது சமதளப் பாதை மட்டுமன்று. பின்னால் வருவது என்ன என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாத பாதையே எளிய பாதை. ராத்தாவுக்கு இவ்விலக்கணம் நன்கு விளங்கும். வண்டி பழகுவோர்க்குத் திரும்பிப் பார்ப்பதுதான் விழுவதற்கு முதற்காரணம்.

இனி வழியைக் கூறுவேன். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் தொடங்குதல் நன்று. 62 ஹெக்டேர் பரப்புடைய இப்பூங்காவின் ஓரமாய் முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாய்ச் சிமெண்டுக் கால்வாய் ஓடியது. அதனை உடைத்தெடுத்து, பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தனர். உடைத்த சிமெண்டுக் கட்டிகளையும் வீணாக்காமல் அங்கேயே குவித்துச் சிறு குன்றொன்று அமைத்திருக்கிறார்கள். கரையில் புல்லும் நாணலும் செழித்துள்ளன. நீர்நாய்கள் குடும்பத்தோடு நீந்துவதைக் காணும் பேறும் சிலருக்கு வாய்க்கிறது. எனக்கு வாய்க்கவில்லை. நாரைகளைக் கண்டேன். பெருமழை பெய்தால் ஆறு கரைப் புல்வெளி மீது பரவும்படியே இப்பூங்கா அமைக்கப்பட்டுள்ளது. நீர்மட்டம் உயரும்போது விளக்கும் சங்கொலியும் எச்சரிக்கும். அவ்வொலி கேட்டால் கரையை விட்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பூங்காவை நீங்கியதும் ஆறு மீண்டும் கால்வாய் உருக்கொள்கிறது. கரையோரப் பாதை அடுக்குமாடி வீடுகளின் பின்புறமாய்த் தெற்கு நோக்கிச் செல்கிறது. நெல்லிக்காய் அளவு சக்கரம் கொண்ட வண்டியில் குழந்தைகள் எதிர்ப்படுவர். முதியோர் கைவீசி நடப்பர். இவ்விடங்களில் வேகம் கூடாது. மிதிவண்டிப் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மணிக்கு 25 கிலோமீட்டரும், நடைபாதைகளில் மணிக்கு 10 கிலோமீட்டரும் சட்டம் விதித்த எல்லைகள். வாகனச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். இருட்டினால் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் வேண்டும்.

இவ்வழியில் கோலம் ஆயர் என்றோர் இடம் உண்டு. மலாய் மொழியில் 'கோலம்' என்றால் குளம். 'ஆயர்' என்றால் நீர். நம் 'குளம்' என்னும் சொல்லே கடல் கடந்து 'கோலம்' ஆயிற்று என்பர் மொழியறிஞர். நீரின் பெயரையும் உடன் கொண்டு சென்ற நம் முன்னோரை எண்ணியபடி அங்கே சற்று நேரம் வண்டியை நிறுத்தினேன். ராத்தாவோ, "தம்பி, சொல் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள், வெயில் ஏறுகிறது" என்று கூறிவிட்டு முன்னே சென்றார்.

மலைபடுகடாம் போல் இடர்களையும் கூறுதல் என் கடமை. காலாங் பாதை முழுதும் தடையின்றிச் செல்லவில்லை. பெருஞ்சாலைகள் குறுக்கிடும் இடங்களில் நெடுங்காலம் வண்டியைவிட்டு இறங்கி, நடை மேம்பாலம் ஏறியோ விளக்குக்குக் காத்திருந்தோ கடக்க வேண்டியிருந்தது. பத்துக் கிலோமீட்டர் எளிய பாதையில் ஒரே ஓர் இடம் கடினமாய் இருப்பினும், வலிமையற்றவர்க்கு அப்பாதை அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. ராத்தாவும் முதல் ஆறு திங்கள் அவ்விடத்துக்கு அப்பால் சென்றதில்லையாம். இக்குறையை நீக்கி பீஷானையும் நகர மையத்தையும் இணைக்க மிதிவண்டிப் பாலமும் சுரங்கவழிகளும் அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பாலங்களின் கீழே தலையைத் தாழ்த்திச் செல்லும் இடங்களில் எதிரே வருபவர் தெரியமாட்டார்; மணி அடித்தே செல்ல வேண்டும். மழைக்குப் பின் அங்கே பாசி வழுக்கும். ராத்தா விழுந்த இடத்தை எனக்குக் காட்டினார். ஏதோ வென்ற களத்தைக் காட்டுவது போலவே காட்டினார்.

காலாங் ஆறு இறுதியில் அகன்ற நீர்நிலையாகிறது. இன்று தெளிந்து விளங்கும் இந்நீர் ஒருகாலத்தில் நாற்றமெடுத்துக் கிடந்தது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் நீர்ப்பரப்பையும் தூய்மை செய்தனர். கரையோரக் குடிசைவாசிகளும், பன்றியும் வாத்தும் வளர்த்தோரும், தெருவோர வணிகரும், படகுத் தொழிலாளரும் அப்போது வேறிடம் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு மாற்றிடம் அளிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் நாம் இன்பமாய் வண்டி உருட்டும் கரையில் யாரோ வாழ்ந்த வாழ்வு இருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின் கடல்நீர் உட்புகுவது தடுக்கப்பட்டு, இப்பரப்பு நன்னீர்த் தேக்கமாயிற்று. குடிநீருக்கும் இதுவே ஓர் ஊற்றுக்கண்.

இங்கிருந்து ரோச்சோர் ஆற்றங்கரையைப் பிடித்தால் நீலப் பளிங்கோடு பதித்த மலபார் பள்ளிவாசல் தென்படும். சற்று அப்பால் கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசல். 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட அப்பள்ளியின் குவிமாடத்தின் அடியைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்று தெரியும். ஏழை மக்கள் கொடுத்துதவிய கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் அமைந்த வளையம் அது. வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு லுஹர் தொழுது இளைப்பாறினோம். அவ்வட்டாரத்தில் நெரிசல் மிகுதி. கடைசிச் சில தெருக்களில் வண்டியைத் தள்ளிச் செல்வதே தக்கது.

நேரம் உடையோர்க்குப் பிற வழிகளும் உண்டு. கடலைத் தூர்த்த நிலத்தில் 15 கிலோமீட்டர் நீளும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுவதும் சமதளம். வண்டி வாடகைக் கடைகளும் அங்கு உள்ளன. முதன்முறை செல்வோர் அங்குத் தொடங்கலாம். ஆயினும் விடுமுறை நாள் மாலையில் திருவிழாக் கூட்டம். அதனை உள்ளடக்கிய கிழக்குக் கரைச் சுற்று 42 கிலோமீட்டர். சாங்கி, பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் என வளைந்து வரும். வடகிழக்கே பொங்கோலில் 2011-இல் திறக்கப்பட்ட செயற்கை நீர்வழி 4.2 கிலோமீட்டர், மாலைப் பொழுதுக்கு அதுவே எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் அந்நீர்வழிக் கரையில் அமர்ந்திருந்தபோது ராத்தா கேட்டார்: "நம் ஊர் வாய்க்கால் கரை இப்போதும் இருக்கிறதா, தம்பி?" இருக்கிறது என்றேன். "பள்ளிவாசல் படித்துறையிலிருந்து மதகு வரை போக முடியுமா?" என்றார். ஊர் வந்த மறுவாரம் நடந்து பார்த்தேன். படித்துறையிலிருந்து முதல் பாதி சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. அதன் பின் மதகு வரை மண்பாதை நன்றாகவே இருக்கிறது. ஜமாஅத் பெரியவர்கள் இருவரிடமும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடமும் இதனைக் கூறியுள்ளேன். ராத்தா வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறார்.