பத்துக்குப் பத்தில் காதலுக்கு இடமேது?

மும்பையின் நெரிசலான அறைகளில் பிறந்த கதைகள் உலகத் திரைப்பட விழாக்களில் பரிசு வாங்குகின்றன. அந்த நகரத்துத் தமிழர் வீடுகளின் கதை மட்டும் இன்னும் வரிசையில் நிற்கிறது.

ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வருகிறது. உள்ளே புத்தம் புதிய சிவப்பு ரைஸ் குக்கர். அனுப்பியவர் பெயர் இல்லை. கல்யாணமான கையோடு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், போன் பேசுவதையும் நிறுத்திவிட்ட கணவனாகத்தான் இருக்க வேண்டும். மும்பை மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கும் பிரபா, இரவில் தனியாக உட்கார்ந்து அந்தக் குக்கரை இறுக அணைத்துக்கொள்கிறாள். அழுகை இல்லை. வசனம் இல்லை. பின்னணியில் வயலின்கள் கதறவும் இல்லை.

பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' படத்தின் காட்சி இது. 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இந்தப் படம், அங்கே இரண்டாவது பெரிய விருதான 'கிராண்ட் ப்ரீ'யை வென்றது. அந்தப் போட்டிப் பிரிவுக்குள் ஓர் இந்தியப் படம் நுழைந்தது 30 ஆண்டுகளுக்குப் பிறகு. 1994-இல் போனது ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்'.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. பிரபாவோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இளம் நர்ஸ் அனுவுக்கு ஒரு முஸ்லிம் காதலன். இரண்டு பேரும் தனியாகச் சந்திக்க இந்த மாநகரத்தில் ஒரு மூலை இல்லை. அவன் வீட்டில் எல்லோரும் வெளியே போகும் நாள் பார்த்து, அக்கம்பக்கத்தார் கண்ணுக்குத் தப்பிக்க ஒரு புர்கா வாங்கி அணிந்து கிளம்புகிறாள் அனு. மும்பை மழை திட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. மருத்துவமனையில் சமையல் வேலை செய்யும் பார்வதிக்கோ இருக்கும் இடமே போகிறது. இறந்துபோன கணவர் வீட்டுக்கான ஆவணம் எதையும் விட்டுச் செல்லவில்லை. பில்டர் துரத்துகிறார். அவள் மூட்டை கட்டிக்கொண்டு ரத்னகிரி பக்கத்துக் கடலோரக் கிராமத்துக்கே திரும்புகிறாள்.

ஆக, இந்தப் படத்தில் காதலுக்குக் குறுக்கே நிற்பது அப்பாவோ ஜாதியோ மதமோ மட்டும் அல்ல. சதுர அடி.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டு விழாக்களில் பேசப்பட்ட மும்பைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் இது புரியும். 2013-இல் கான் விழாவின் 'விமர்சகர் வாரம்' பிரிவில் திரையிடப்பட்ட ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்', வீடு மாறிப் போன ஒரு டிபன் கேரியரில் தொடங்குகிறது. கணவனின் அலட்சியத்தில் வாடும் இலாவும் ரிட்டயராகப் போகும் விதுரர் சாஜன் பெர்னாண்டஸும் சப்பாத்திக்கு அடியில் வைத்த சீட்டுகளிலேயே தங்கள் வாழ்க்கையைப் பேசிக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் நெருக்கியடித்து வாழும் ஊரில் இரண்டு மனிதர்கள் மனம்விட்டுப் பேசக் கிடைத்த இடம் ஒரு டப்பா!

2018-இல் அதே பிரிவில் இடம்பெற்ற ரோஹேனா கேராவின் 'சர்' படத்தில் எஜமானரும் வேலைக்காரப் பெண்ணும் ஒரே பிளாட்டில்தான் இருக்கிறார்கள். அவள் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே உள்ள சில அடி தூரத்தைக் கடக்கத்தான் முழுப் படமும் தேவைப்படுகிறது. 2025-இல் சண்டான்ஸ் விழாவில் உலக சினிமாப் பிரிவின் பெரிய ஜூரி விருதை வென்ற ரோஹன் கனவாடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா' எதிர்த் திசையில் போகிறது. அப்பாவின் இறுதிச் சடங்குக்காக மும்பையிலிருந்து கிராமத்துக்கு வரும் ஆனந்த், கல்யாணம் எப்போது என்று துளைக்கும் உறவினர்களுக்கு நடுவே, சிறுவயதுத் தோழனிடம் தன் காதலைக் கண்டுகொள்கிறான்.

இதை உலகம் ஏன் ரசிக்கிறது? நெரிசல் மும்பையின் ஏகபோகம் அல்ல என்பதும் ஒரு காரணம். வாங் கார்-வாய் 2000-இல் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்' படம் 1962-ஆம் ஆண்டின் ஹாங்காங்கில் நடக்கிறது. ஷாங்காயிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் கட்டடம். வீட்டுக்காரர்கள் விடிய விடிய மாஜாங் ஆடிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரன் அறையில் சிக்கிக்கொண்ட நாயகி வெளியே வர முடியாமல் தவிப்பாள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் என்ன பேசுவார்கள்? மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் ஒண்டுக்குடித்தனம் இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் காட்சிக்கு சப்-டைட்டில் தேவைப்படாது.

மும்பைக்கும் உலக சினிமாவுக்கும் உள்ள உறவு புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் நடந்தது இந்த நகரத்தில்தான். அங்கே திரையிடப்பட்ட டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' நம் இயக்குநர்களை உலுக்கிவிட்டது. அடுத்த ஆண்டே பிமல் ராய் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவின் தயாரிப்பான 'பூட் பாலிஷ்' படத்தில் சேரிச் சிறுமியாக நடித்த பேபி நாஸ், 1955 கான் விழாவில் சிறப்புப் பாராட்டு பெற்றார். அந்த ஸ்டூடியோ 2017-இல் தீப்பிடித்தது. 2019-இல் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. செம்பூரிலும் சதுர அடிதான் ஜெயித்தது.

சரி, இந்தக் கதையில் தமிழர்கள் எங்கே? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பெயர்களும் தமிழ் ரசிகனுக்கு அத்துப்படி. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் அரோரா தியேட்டர் தமிழ்ப் படங்களுக்கே பேர் போனது. ஆனால் தமிழ் சினிமா மும்பைத் தமிழனைப் பார்த்த விதம் வேறு. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) அவனைத் தாதாவாகப் பார்த்தது. பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) நில உரிமைப் போராளியாகப் பார்த்தது. இரண்டுக்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட்.

இரண்டிலும் குடும்பம் இல்லாமல் இல்லை. அப்பாவின் தொழிலை வெறுத்து வீட்டை விட்டுப் போகும் 'நாயகன்' மகளும், கணவனின் பழைய காதலி திரும்பி வந்ததைப் பார்க்கும் 'காலா'வின் செல்வியும் தனித்தனிப் படத்துக்கு உரியவர்கள். 'பம்பாய்' (1995) படத்தில்கூட, ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்ட ஜோடி தனிமை கிடைக்காமல் தவிக்கும் சில நிமிடங்கள் உண்டு. ஒரு பாட்டில் அது தீர்ந்துவிடும். கபாடியாவின் படமோ அந்தச் சில நிமிடங்களிலேயே கால் ஊன்றி நிற்கிறது.

எழுத்தில் இந்த வறட்சி இல்லை. பல ஆண்டுகள் பம்பாயில் வேலை பார்த்த நாஞ்சில் நாடனின் 'சதுரங்கக் குதிரை', கல்யாணமாகாமலே வயது கடந்துபோகும் பம்பாய்வாசி ஒருவனின் தனிமையைச் சொல்கிறது. மும்பையில் வசிக்கும் அம்பையின் கதைகளில் பெண்கள் சமையலறையையும் குடும்பத்தையும் தாண்டித் தங்களைத் தேடுகிறார்கள். விழா சினிமா தேடும் அத்தனை சரக்கும் இங்கே இருக்கிறது. ஆனால் நாஞ்சில் நாடனின் நாவல்களில் தங்கர் பச்சான் கையால் 'சொல்ல மறந்த கதை'யாகத் திரைக்குப் போனது, பம்பாய் நாவல் அல்ல, 'தலைகீழ் விகிதங்கள்'.

பணம் ஒரு தடை. கபாடியாவின் படத்துக்கு பிரான்ஸ், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், இத்தாலி என்று பல நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு தேவைப்பட்டது. இன்னொரு தடை மனோபாவம். ஆஸ்கருக்கு இந்தியா அந்தப் படத்தை அனுப்பவில்லை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போலத் தேர்வுக்குழுவுக்குத் தோன்றியதாக இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவர் ரவி கொட்டாரக்கரா விளக்கம் சொன்னார். ரைஸ் குக்கரும் புர்காவும் பில்டரின் மிரட்டலும் ஐரோப்பாவா? மெதுவாகச் சொன்னால் அந்நியம் என்ற எண்ணம்தான் அது.

இதற்கிடையே காலம் காத்திருக்கவில்லை. தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதை ஆவணத்தோடு நிரூபிப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. பின்னால் வந்தவர்களும், மாடியில் அறை எடுத்தவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். பார்வதியிடம் பில்டர் கேட்ட அதே காகிதம்தான் இங்கேயும் பேசுகிறது.

விடிவதற்கு முன் எழுந்து, நகரம் முழுக்க விற்பதற்கு இட்லி அவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சந்துகளில் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே அறையில் மாமியாரும் மருமகளும் புதுமாப்பிள்ளையும் பரீட்சைக்குப் படிக்கும் தங்கையும் எப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாழ்ந்தார்கள் என்பது கணக்கெடுப்புப் படிவத்தில் ஏறாது. அந்த அறைகள் இடிக்கப்படும் முன் யாராவது கேமராவோடு உள்ளே போனால் நல்லது. சென்னையில் மறுபடி செட் போடலாம்தான். அப்போது அளவு சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.