மேட்டில் நின்ற மின்சைக்கிள்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)



எங்கள் ஊர் கிளியனூர். அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். வெயிலில் உப்பு வாரிவிட்டு மறுபடியும் அதே தூரம் மிதித்து வரணும். எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். படித்த படிப்பு அப்பாவின் காலுக்காவது உதவட்டுமே என்று அந்தச் சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார், கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி மூன்றையும் பொருத்தினேன். காலையில் குளிர்ச்சியில் மிதித்துப் போவார். திரும்பும்போது மோட்டார் இழுக்கும்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒருநாள், "இன்னாடா உன் வண்டி, மேடு வந்தா நின்னுபோவுது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஓடுது?" என்றார். வீட்டில் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து திராட்டிலை முறுக்கினேன். ஜம்மென்று சுற்றியது. பேட்டரி 38 வோல்ட் காட்டியது. "அப்படின்னா கன்ட்ரோலர்தான் போச்சு" என்று முடிவு கட்டி, புதுசு வாங்கிப் போட்டேன். அப்பாவின் நாலு நாள் கூலி. மறுநாளும் அதே மேட்டில் வண்டி நின்றது!

பழுதைத் தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்பதை அந்த நாலு நாள் கூலி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. வண்டிக்கு உயிரே இல்லை என்றால்

முதலில் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 36 வோல்ட் லித்தியம் பேட்டரியில் பத்து செல் வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் 42 வோல்ட். 30 வோல்ட் பக்கம் வந்தால் காலி. அங்கே வோல்டேஜ் இருந்தால் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்து போங்கள். எந்த இடத்தில் வோல்டேஜ் மறைகிறதோ, அதற்கு முந்தின இடத்தில்தான் பழுது.

2. விளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால்

பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று லீவருக்குள் இருக்கிறது. அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சோதனைக்காக மட்டும் அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது திராட்டில். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் சுமார் 5 வோல்ட் வரணும். சிக்னல் வயரில் முறுக்காதபோது 1 வோல்ட் அளவும், முறுக்க முறுக்க மூன்றரைக்கு மேலும் ஏறணும்.

3. உதறுகிறது, சுற்றவில்லை என்றால்

மோட்டாருக்குள் ஹால் சென்சார் மூன்று உண்டு. வண்டியை ஆன் செய்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மூன்று சிக்னல் வயரிலும் 0, 5 என்று மாறி மாறி வரணும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்த சென்சாரோ அதன் வயரோ போயிருக்கிறது. மூன்று தடித்த ஃபேஸ் வயர்களில் ஒன்று கழன்றிருந்தாலும் இப்படித்தான் உதறும்.

4. சும்மா சுற்றுகிறது, பாரம் ஏறினால் நிற்கிறது என்றால்

எங்கள் வண்டியின் நோய் இதுதான். சக்கரம் காற்றில் சுற்றும்போது மோட்டார் ஒரு ஆம்பியர் அளவுதான் எடுக்கும். மேட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். பாரம் இல்லாமல் அளந்த 38 வோல்ட்டை நம்பியது என் தப்பு.

பழுதின் இடத்தைக் கண்டுபிடித்தது என் மீட்டர் இல்லை, அப்பாவின் விரல்! மேட்டில் நின்ற வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த பிளக்கு மட்டும் கொதிக்குதுடா" என்றார். அன்றைக்கே முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, தம்பியை மேலே உட்காரவைத்து, இரண்டே விநாடி திராட்டில் கொடுக்கச் சொன்னேன். மீட்டரின் இரண்டு முனையையும் அந்த பிளக்கின் ஒரே பிளஸ் வயரில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தேன். பூஜ்யம் பக்கம் காட்டவேண்டிய இடத்தில் 3 வோல்ட்!

ஓம் விதிப்படி, 10 ஆம்பியரில் 3 வோல்ட் என்றால் 0.3 ஓம். வீணாகும் சக்தி 30 வாட். நம் லேபில் இருக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்னை அந்த பிளக்குக்குள் செருகி வைத்தது போல! பேட்டரியில் 34 வோல்ட் இருந்தாலும் கன்ட்ரோலருக்கு 31தான் போய்ச் சேரும். பேட்டரி காலி என்று நினைத்து அது மோட்டாரை நிறுத்திவிடும். பாரம் போனதும் வோல்டேஜ் ஏறி, மறுபடி ஓடும்.

பிளக்கைப் பிரித்தேன். உள்ளே பச்சைக் களிம்பு. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் இழுத்துக் கசியும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அப்பா நாள் முழுக்க வண்டியை நிறுத்துவது உப்பள வரப்பில். செம்பு தாங்குமா?

1895-இல் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடையது 10 வோல்ட் பேட்டரி. மோட்டார் 100 ஆம்பியர் வரை எடுக்கக்கூடியது. 0.3 ஓம் களிம்பு அவருடைய இணைப்பில் இருந்திருந்தால், 10 வோல்ட்டில் 33 ஆம்பியருக்கு மேல் போகவே முடியாது. நம் வண்டியில் வோல்டேஜ் கூடுதல் என்பதால் ஆம்பியர் குறைவு. ஆனாலும் களிம்பு நம்மையும் விடாது.

களிம்பேறிய முனைகளை வெட்டிவிட்டுப் புது பிளக் சோல்டர் செய்தேன். மேலே சுருங்கும் குழாய் போட்டு, வாசலின் தடவினேன். வயர் தாழ்ந்து வளைந்து ஏறும்படி கட்டினால் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காது. செலவு? ஒரு டீ, வடைக் காசு!

கவனம்: மீட்டரை ஆம்பியர் துளையில் வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொடாதீர்கள், நேரடி ஷார்ட் ஆகும். பிளக்கைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். லித்தியம் பேட்டரியை உடைத்துப் பார்க்கவே கூடாது. உப்பிப் போனாலோ சுட்டாலோ வீட்டுக்கு வெளியே வையுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

இப்போதெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்ததும் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடலடா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நண்பர்களே, பாகத்தை மாற்றும் முன் பாரத்தோடு அளந்து பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டாவது பாருங்கள்.